ஏழாம் மேசையில் மட்டும் புயல்

அத்தியாயம் 4

என் வீட்டில் கஜபதி கடைசியாகச் செய்த காரியம், சாப்பாட்டு மேசையின் காலுக்கடியில் ஒரு தீப்பெட்டி அட்டையை மடித்துச் சொருகியது.

தொண்ணூற்றேழு நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகப்பேர் ஏரித் திட்டத்தில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவான். அன்று காப்பி டம்ளரை வைத்தபோது மேசை லேசாக ஆடியது. வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. விற்றவன் அதைத் தேக்கு என்று சொல்லியிருந்தான்.

"இன்னா மாமே, கப்பலை உட்டு எறங்கி மூணு வருஷமாச்சு, உன் ஊட்ல இன்னும் அலை அடிச்சுகினு கீது."

தீப்பெட்டியில் இருந்த குச்சிகளைச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டான். அட்டையைக் கிழித்து நாலாக மடித்து, தரையில் குப்புறப் படுத்து, காலுக்கடியில் தள்ளினான். எழுந்து இரண்டு கையாலும் மேசையை அமுக்கிப் பார்த்தான்.

"புயல் கரையைக் கடந்துச்சு" என்றான். மீதிக் காப்பியைக் குடித்துவிட்டு பஸ் பிடிக்கப் போனான்.

மறுநாள் காலை பாடியில் தன் லாண்டரிக் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தொன்று.

"நம்ம கேசையெல்லாம் ஒரு நாள் எழுதணும் மாமே. நான் பேசறேன், நீ எழுது" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது இரண்டு வேலையும் என் தலையில். அவன் பேச்சில் பாதிதான் காகிதத்தில் வரும். மீதிப் பாதி அவன் புருவத்தில் இருந்தது.

இந்த அத்தியாயத்தில் புதிதாக ஏறியவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ராயப்பன். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எண்பத்தாறு முதல் தொண்ணூற்று நாலு வரை ஓர் உல்லாசக் கப்பலின் துணிக் கிடங்கு என் பொறுப்பு. கப்பலின் பெயரை எழுதப் போவதில்லை. கம்பெனி இன்னும் ஓடுகிறது, வக்கீலும் வைத்திருக்கிறார்கள். கஜபதி அதே கப்பலில் இஸ்திரிப் பிரிவு.

கப்பலில் எது காணாமல் போனாலும் எங்களைக் கூப்பிடுகிற வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. ஆயிரம் பேர் ரகசியமாகச் செய்வதெல்லாம் கடைசியில் அழுக்குத் துணியாக என்னிடம்தான் வந்து சேரும். தலையணை உறையில் மீசை மை ஒட்டியிருந்தால் அந்த அறைக்காரருக்கு நிஜத்தில் என்ன வயது என்று எனக்குத் தெரிந்துவிடும். கஜபதி ஒருமுறை 'துணிக் கிடங்கு துப்பறியும் நிலையம்' என்று அட்டையில் எழுதி என் கதவில் மாட்டினான். மாட்டிய அன்றே அட்டை காணாமல் போனது. அந்த ஒரு கேஸ் மட்டும் இன்றுவரை துலங்கவில்லை.

கப்பலை அவன் 'எஸ்டேட்' என்பான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உள்ளதெல்லாம் இங்கேயும் உண்டு என்பது அவன் கட்சி. ஷிஃப்டு, சங்கு, கேண்டீன், காரணமில்லாமல் முறைக்கிற சூப்பர்வைசர். இஞ்சின் அறைக்குப் பாடி என்று பேர் வைத்திருந்தான், அந்த ஊர்ப் பட்டறைகளின் இரைச்சலுக்காக. சாப்பாட்டுக் கூடம் முகப்பேர். வரிசையாக நம்பர் போட்டுப் பிரித்துவிட்ட இடம்.

இந்தக் கேஸ் முகப்பேரில் நடந்தது.

எண்பத்தொன்பது மார்ச். பினாங்கிலிருந்து கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். அன்று சாயந்திரம் கடல் இருந்த இருப்பை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. அலை என்று ஒன்று கிடையாது. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் எப்போதும் ஒன்றோடொன்று இடித்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அன்று அவைகூட வாய் மூடியிருந்தன. காலை அகட்டி வைத்து நடந்தே பழகிய எங்களுக்குத் தரை சமமாக இருந்ததுதான் தொந்தரவு. பழைய ஆட்களே தடுமாறினார்கள்.

"கொரட்டூர் ஏரிகூட இத்தவிட ஆடும்" என்றான் கஜபதி, மேல்தளக் கம்பியில் சாய்ந்துகொண்டு. "எஸ்டேட் போவுதா, நிக்குதா? கீழ எறங்கித் தள்ளிப் பாக்கலாமா?"

அப்போதுதான் பர்சர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

கப்பலின் நிர்வாகம் முழுக்க பர்சர் கையில். இவர் மங்களூர்க்காரர். தமிழ் அளவாகப் பேசுவார். வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஜலதோஷம்.

அவர் அறையில் மேசைமேல் ஒரு காலி பிராந்தி பாட்டில் இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் வேம்புலி நின்றுகொண்டிருந்தான். துவைக்கிற எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன், நாற்பது வயது. பாடியில் வேலை பார்த்த பட்டறை பூட்டிய பிறகு கப்பலுக்கு வந்தவன். ஒரு பக்கக் கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது.

ஓரமாக ஒரு நாற்காலியில், இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்தபடி, பார்த்தசாரதி சார்.

அவர் சாப்பாட்டுக் கூடத்தின் தலைமை ஸ்டூவர்டு. அம்பத்தூர்க்காரர். இருபத்தைந்து வருஷம் கடலில் கழித்தவர். அதில் கடைசிப் பதினொரு வருஷமாக ஒரு சொட்டுத் தொட்டதில்லை. தான் தொடாததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் பரிமாறுகிறவர்களை வரிசையாக நிறுத்தி, பாவசங்கீர்த்தனம் கேட்கிற பாதிரியார் மாதிரி குனிந்து, ஒவ்வொருவன் வாயையும் மோந்து பார்ப்பார். அவர் வாயில் எந்நேரமும் ஏலக்காய்.

பர்சர் விஷயத்தைச் சொன்னார். ஏழாம் மேசையில் சாப்பிடும் வயதான தம்பதிக்கு இன்று ஐம்பதாவது கல்யாண நாள். கல்யாணம் நடந்த வருஷத்தில் காய்ச்சிய பிராந்தி ஒன்றை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். இன்று ராத்திரிச் சாப்பாட்டில் திறப்பதற்காகக் காலையில் சாரிடம் கொடுத்தார்கள். அவர் கூடத்து அலமாரியில் வைத்தார். ஐந்து மணிக்குப் பார்த்தால் இல்லை. தேடியதில், வேம்புலி எடுத்துப்போன அழுக்குத் துணிப் பைக்குள் பாட்டில் கிடந்தது, காலியாக.

"பை யார் கையில?" என்றார் பார்த்தசாரதி சார். "இவன் கையில. வேறென்ன வேணும்?"

"சார், பையில இன்னா கீதுன்னு நான் எங்க பாத்தேன்? முடிச்சுப் போட்டு வெச்சிருந்தாங்க, தூக்கினு போனேன்" என்றான் வேம்புலி.

"ஊது."

ஊதினான். சார் நாற்காலியை விட்டு எழாமலே மோந்தார்.

"கிராம்பு. வாசனையை மறைக்கக் கிராம்பைக் கடிச்சிருக்கான். பழைய வேலை."

"பல்லுவலி சார்."

"நிக்கறதைப் பாருங்க பர்சர் சார். எப்படி ஆடறான். நேரா நில்லுடா."

வேம்புலி துணி உலர்த்துகிற கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தான். ஆனாலும் சார் சொன்னதும் இன்னும் கொஞ்சம் விறைத்துக்கொண்டான்.

பர்சர் மூக்கைச் சிந்தினார். "ராயப்பன், காலையில் ஆறு மணி கொழும்பு. இந்த ஆளை அங்கே இறக்கணும். பேப்பர் ரெடி. ஏழரைக்கு கேப்டன் சைன் பண்றார். உனக்கு வேற மாதிரி ஏதாவது தெரிஞ்சா அதுக்குள்ள சொல்லு."

இறக்கிவிடுவது என்றால் இறக்கிவிடுவது மட்டுமில்லை. கப்பல்காரனுக்கு ஒரு புத்தகம் உண்டு. அதில் ஒருமுறை கெட்ட வார்த்தை ஏறிவிட்டால் எந்தக் கப்பலும் அவனை ஏற்றாது. வேம்புலிக்குத் திரும்பிப் போகப் பட்டறையும் இல்லை.

வெளியே வந்ததும் அவன் கஜபதியின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாத்தே, சத்தியமா நான் தொடலை. சிங்கப்பூர்ல ஒரு தபா குடிச்சேன், அதான். அத்தையே இன்னும் பேசினு கீறாங்க."

"தெரியும்டா" என்றான் கஜபதி. "நீ குடிச்சா பாட்டு பாடுவே. கப்பல்ல எவனும் காதைப் பொத்திகினு ஓடலை. அதுவே சாட்சி."

மணி ஆறேகால்.

சாப்பாட்டுக் கூடம் மதியச் சாப்பாடு முடிந்தால் மூன்று மணிக்குப் பூட்டப்படும். ராத்திரிக்கான மேசைகளை அதற்குள் விரித்து வைத்துவிடுவார்கள். பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று சாரிடம். இன்னொன்று என் கிடங்கு ஆணியில், அழுக்குத் துணி எடுப்பதற்காக. அந்தச் சாவியை எடுப்பவன் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேம்புலி எழுதியிருந்தது நாலரை.

உள்ளே போனோம். முப்பது மேசை, வெள்ளை விரிப்பு, மடித்த நாப்கின்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. துணிக்காரன் மேசையைக் கண்ணால் பார்க்க மாட்டான். போகிற போக்கில் ஒவ்வொரு விரிப்பின் ஓரத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன். ஏழாம் மேசையில் விரல் நின்றது.

"கஜபதி, இங்கே தொடு."

தொட்டான். "ஈரமா கீது."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடல் கொந்தளிக்கிற நாட்களில் கப்பலில் மேசைவிரிப்பை நனைத்து விரிப்பார்கள். உலர்ந்த துணியில் தட்டு வழுக்கிக்கொண்டு ஓடும், ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேசையைச் சுற்றி மடக்கி வைத்திருக்கும் மரச் சட்டத்தையும் தூக்கி நிறுத்துவார்கள், தட்டு கீழே விழாமல் இருக்க. நாற்காலிகளைத் தரையில் உள்ள கொக்கியோடு சங்கிலியால் மாட்டுவார்கள். மூன்றும் புயல் காலத்து வேலை.

ஏழாம் மேசையில் மூன்றும் நடந்திருந்தன. விரிப்பு ஈரம். சட்டம் நிமிர்ந்து நின்றது. நாலு நாற்காலியும் சங்கிலியில். பக்கத்தில் எட்டாம் மேசை, ஆறாம் மேசை, எல்லாம் உலர்ந்து சாதாரணமாக இருந்தன.

கஜபதி ஒரு நாற்காலியை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

"இன்னா மாமே, இந்த டேபிளுக்கு மட்டும் புயல் கூண்டு ஏத்திட்டானுங்களா?"

சுவரில் இருந்த போனை எடுத்தான். கப்பலை ஓட்டுகிற மேல்மாடத்துக்குப் பேசினான். "சார், இஸ்திரிலேர்ந்து கஜபதி. இன்னிக்குப் புயல் எச்சரிக்கை ஏதாச்சும் கீதா? இல்லியா? காத்து? அதுவும் இல்லியா. சரி சார். இல்ல சார், நான் குடிக்கலை. சும்மா கேட்டேன்." போனை வைத்தான். "கடலைப் பாத்தியான்னு கேக்கறாரு. அதான் பாத்துகினு கீறோம்."

"பிராந்தி சிந்தியிருக்கும், அதைத் துடைக்க நனைச்சிருப்பாங்க" என்றேன் நான். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

விரிப்பைத் தூக்கி மோந்தேன். அடியில் இருந்த கம்பளித் துணியையும் மோந்தேன். வெறும் தண்ணீர். கஜபதி விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"குடிதண்ணி. க்ளோரின் ஜாஸ்தி. பிராந்தி இல்லவே இல்லை."

"உறுதியா?"

"மாமே, எனக்கு உலகத்துல ரெண்டு விஷயம்தான் உறுதியாத் தெரியும். ஒண்ணு இஸ்திரிச் சூடு."

அடுத்ததாக, எப்போது நனைந்தது? இது என் தொழில். ஓரங்கள் காய்ந்து மடமடவென்று இருந்தன. நடுவில் ஈரம் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் கூடத்தின் ஏ.சி. காற்றில், அந்தக் கனத்த துணி அந்த அளவு காய இரண்டரை மணி நேரம் ஆகும். அப்படியென்றால் நனைத்தது நாலு மணிக்குச் சற்று முன்னால். வேம்புலி சாவியை எடுத்ததே நாலரைக்கு.

"அது மட்டுமில்லை" என்றேன். "அவன் துவைக்கிறவன். காய்ந்த துணியை அவன் நனைப்பானா?"

"அவனா? ஈர டவலைப் பாத்தாலே அழுவான். அப்போ மீதி ஒரே சாவிதான்." கஜபதி சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ஓனரே வந்து டேபிளை நனைச்சிருக்காரு. நனைச்சா இன்னா? தண்ணி ஊத்தறது குத்தமா? அத்த வெச்சு பிராந்தி கேசுல அவரைப் புடிக்க முடியாது மாமே."

அவன் சொன்னது சரி. சாரிடம் சாவி இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விரிப்பை நனைப்பது அவர் அதிகாரம். ஆனால் இருபத்தைந்து வருஷம் கடலைப் பார்த்தவர், ஏரி மாதிரி கிடக்கிற கடலில், ஒரே ஒரு மேசைக்கு மட்டும் ஏன் புயல் ஏற்பாடு செய்ய வேண்டும்? அது எனக்குப் பிடிபடவில்லை. மணி ஆறே முக்கால். ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே நிறத்தில், நடுவில் தையல்கூடத் தெரியாமல் சேர்ந்திருந்தன.

கஜபதி ஒரு நாற்காலியின் கொக்கியைக் கழற்றி, அதில் உட்கார்ந்து, சட்டத்தின்மேல் முழங்கையை ஊன்றினான்.

"கடல் ஆடலை. எஸ்டேட்டும் ஆடலை" என்றான். "அப்போ வேற இன்னாவோ ஆடிருக்கு. இல்லாட்டி வேற யாரோ ஆடிருக்கான்."

சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். வழக்கமாக நானும் சிரிப்பேன். அன்று சிரிக்கவில்லை.

"இன்னா மாமே, நல்லா இல்லியா?"

"பர்சர் ரூம்ல வேம்புலி எப்படி நின்னான்?"

"கம்பம் மாதிரி."

"ஆடறான்னு சொன்னது யாரு?"

கஜபதியின் புருவம் மெதுவாக மேலே ஏறியது. அதைத்தான் எழுத்தில் கொண்டுவர முடியாது என்றேன்.

பார்த்தசாரதி சாரின் அறைக் கதவைத் தட்டியபோது மணி ஏழுக்கு ஐந்து. சாப்பாட்டுக்குத் தயாராக உடுத்தியிருந்தார். கறுப்புக் கோட்டு. கழுத்தில் வில் முடிச்சு டை, அளவெடுத்த மாதிரி. காலில் மட்டும் ஷூ இல்லை.

"வாங்க, வாங்க. பார்த்து, கதவைப் புடிச்சுக்குங்க. இன்னிக்கு ஆட்டம் ஜாஸ்தி."

நாங்கள் இரண்டு பேரும் மரியாதைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டோம்.

அவருடைய ஷூக்கள் மேசைமேல் இருந்தன, பாலிஷ் பளபளக்க. ஒரு ஷூவுக்குள் தண்ணீர் டம்ளர் நின்றுகொண்டிருந்தது. சரிந்து விழாமல் இருக்க.

கஜபதி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு போய் வட்ட ஜன்னலின் திரையை ஒதுக்கினான்.

"சார், கொஞ்சம் இப்டி வாங்க."

சார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெளியே பார்த்தார். கடைசி வெளிச்சம் தண்ணீர்மேல் ஒரு கோடாக விழுந்திருந்தது. கோடு கொஞ்சமும் நெளியவில்லை. அவர் கடலைப் பார்த்தார், கீழே தன் கால்களைப் பார்த்தார், மறுபடி கடலைப் பார்த்தார்.

"ஆடலையே" என்றார்.

"இல்ல சார்."

"காலையிலேர்ந்தா?"

"நேத்திலேர்ந்து" என்றான் கஜபதி.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நான் ஏழாம் மேசையைப் பற்றிச் சொன்னேன். விரிப்பு, சட்டம், சங்கிலி, நாலு மணிக்கு முன்னால். அவர் மறுக்கவில்லை. கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். கப்பலின் ரேடியோ அறையில் வந்த தந்தி. கல்யாணம் நல்லபடி முடிந்தது, வனஜா ஆசி கேட்கிறாள் என்று இருந்தது.

"என் பொண்ணு" என்றார். "இன்னிக்குக் காலம்பர, அம்பத்தூர்ல. ஜனவரியிலேயே லீவு கேட்டேன். தரேன்னாங்க. அப்புறம் ஆள் இல்லைன்னு ஒரு டிரிப் நீட்டிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிக்கலை. ரெண்டரை மணிக்கு இது வந்தது. கூடத்தைப் பூட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். கடல் ஆடற நாளா இருந்தாலாவது வேலை இருந்திருக்கும். அலமாரியைத் திறந்தா கல்யாண நாள் பாட்டில் நிக்குது." விரலால் அளவு காட்டினார். "ஒரு மூடி. ஆசீர்வாதத்துக்கு. சத்தியமா எனக்கு ஞாபகம் இருக்கறது அந்த ஒரு மூடிதான். அலமாரிக்குப் பின்னால சாய்ஞ்சு கண்ணை மூடினேன். முழிச்சா அஞ்சு மணி, பாட்டில் இல்லை. மீதியை இவன்தான் வந்து முடிச்சான்னு மனசாரத்தான் நெனச்சேன், ராயப்பன்."

"ஒரு மூடிக்குப் புயல் வராது சார்" என்றான் கஜபதி. குரலில் கிண்டல் இல்லை. "நாலு நாற்காலியையும் சங்கிலில மாட்டிகீறீங்க. மொத்தப் பாட்டிலும்தான். காலியை அழுக்குப் பையில போட்டு முடிச்சுப் போட்டதும் நீங்கதான்."

சார் டம்ளரைப் பார்த்தார். பிறகு அதை ஷூவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். கையை விடத் தயங்கி, விட்டார். அது நின்றது.

"மடிப்பு சரியா இருந்ததா?" என்றார்.

"எது சார்?"

"விரிப்போட மூலை."

"உறை மாதிரி இருந்தது சார். ஒரு சுருக்கம் இல்லை" என்றேன். உண்மை அதுதான்.

ஷூவைப் போட்டுக்கொண்டு, ஏழு பதினைந்துக்கு அவரே பர்சர் அறைக்கு நடந்தார். நாங்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் நெருங்கியே நடந்தோம். வேம்புலி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சார் அவனையும் உள்ளே கூப்பிட்டார். நின்றபடி, எதையும் பிடிக்காமல், தந்தி முதல் சங்கிலிவரை எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் வேம்புலி பக்கம் திரும்பி, "ஆடினது நீ இல்லைப்பா" என்றார்.

பர்சர் வெகுநேரம் மூக்கைத் துடைத்தார். மேசைமேல் இருந்த பேப்பரை இழுத்தார். வேம்புலியின் பெயரை அடித்தார். மேலே பார்த்தசாரதி என்று எழுதினார்.

"ஒரு ஆளை கொழும்புல இறக்கறேன்னு கேப்டனுக்குச் சொல்லியாச்சு. இறக்கித்தான் ஆகணும்" என்றார். "காரணம் என்ன போடறது? குடின்னு போட்டா உங்க இருபத்தஞ்சு வருஷம் போச்சு."

அப்போது வேம்புலி, வீங்காத கன்னத்துப் பக்கமாக வாயைத் திறந்தான்.

"கடல் நோவுன்னு போடுங்க சார். ஆட்டம் தாங்கலைன்னு."

பர்சர் திரும்பி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். கப்பலில் இருந்த ஆயிரம் பேரில், அந்தக் கடலைப் பார்த்த யாரும் நம்ப முடியாத ஒரு காரணம். ஒரு தும்மல் போட்டார். எழுதினார். கேப்டன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஏழாம் மேசைக்கு நானே உலர்ந்த விரிப்பு கொண்டுபோனேன். சார் பரிமாறினார். அந்த வயதான தம்பதியிடம் தானே போய் நடந்ததைச் சொன்னார். கிழவர் முகம் சுண்டிப்போனது. அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிராந்தியைத் தொடக்கூடாது என்று டாக்டர் இவருக்குச் சொல்லி ஆறு மாதம் ஆகிறதாம், ஐம்பது வருஷம் காத்து வைத்ததை எப்படித் தடுப்பது என்று அந்த அம்மாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாளாம். கடைசியில் கிழவர் தண்ணீர் டம்ளரைத் தூக்கி, "அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றார்.

எட்டரைக்கு நானும் கஜபதியும் மறுபடி மேல்தளத்தில் நின்றோம். நட்சத்திரங்கள் தண்ணீரில் அப்படியே கிடந்தன.

"மாமே, கேசு முடிஞ்சுது" என்றான். "தண்டனை இன்னா தெரியுமா? கொழும்புலேர்ந்து ஏரோப்ளேன்ல மெட்ராஸு. நாளன்னிக்கு அம்பத்தூர்ல மறுவூட்டு விருந்து. எனக்கு எவனாச்சும் இந்த மாதிரி தண்டனை குடுப்பானா?"

"நீ முதல்ல ஒரு பாட்டிலை முடிக்கணும்."

"முடிச்சுருவேன். டேபிளை நனைக்கறதுதான் வராது."

வேம்புலி கொழும்பில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு அதே கப்பலில் இன்னும் பத்து வருஷம் ஓட்டப்போகிறவன் மாதிரி திரும்பி வந்தான். இதை எழுதுகிற இந்த வருஷமும் கடலில்தான் இருக்கிறான்.

கஜபதியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பார்த்தசாரதி சார் வந்திருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. பாடியிலிருந்து திரும்பும்போது என்னோடு முகப்பேர் வந்தார். பேத்தி ஸ்கூலுக்குப் போகிறாள் என்றார். காப்பி கொடுத்தேன். டம்ளரை மேசையின் நடுவில் வைத்தார். பழக்கத்தில் ஒரு கையால் மேசையை அமுக்கிப் பார்த்தார்.

"நல்லா நிக்குதே" என்றார்.

அடியில் தீப்பெட்டி அட்டை இருக்கிறது என்று சொன்னேன். குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து காப்பியைக் குடித்தார்.

வாரம் ஒருமுறை தரையைத் துடைக்கும்போது அந்த மேசைக்காலை மட்டும் சுற்றிக்கொண்டு துடைக்கிறேன். மேசை ஆடுவதில்லை.